இரண்டு பந்தயங்களுக்கு இடையே மண் தட வண்டியில் எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண் தடத்தில் ஓடும் பந்தய வண்டி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு இந்தப் பருவத்திலிருந்து என்னிடம் வந்துள்ளது. பெட்ரோலில் ஓடும் கார்பரேட்டர் வகை வி-8 எஞ்சின், இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழற்றும் பூட்டிய ஆக்சில், பின்மூடியைத் திறந்து விகிதப் பற்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் அமைப்பு, நான்கு மூலைகளிலும் சுருள் ஸ்பிரிங் என்று வழக்கமான அமைப்புதான். வாரம் ஒரு பந்தயம் என்பதால், இடையில் கிடைப்பவை சில மாலைப் பொழுதுகள் மட்டுமே.

அனுபவமுள்ளவர்களிடம் கேட்டால் ஒன்றுக்கொன்று முரணான அறிவுரைகள் வருகின்றன. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் வண்டியை அடிச்சட்டம் வரை பிரித்துப் போட்டுவிட வேண்டும் என்கிறார் ஒருவர். நன்றாக ஓடிய வண்டியைக் கழுவி, எண்ணெய் மாற்றி, அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்கிறார் இன்னொருவர். இருவருடைய வண்டிகளும் நன்றாகவே ஓடுகின்றன என்பதுதான் என் குழப்பத்துக்குக் காரணம். வேலைகளை எந்த வரிசையில் செய்வது, எவற்றை வாரந்தோறும் கழற்றிப் பார்ப்பது, எவற்றைப் பார்வையோடு விட்டுவிடலாம் என்பதைக் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பட்டறைப்பித்தன் எழுதியது:

வரிசை என்று கேட்டதால் முதல் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். வண்டியைக் கழுவுவதை அழகுக்காகச் செய்யும் வேலையாகப் பலர் நினைத்து, பொறுப்பற்ற கைகளில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வாரத்தின் மிக முக்கியமான சோதனை அந்த வேலைக்குள்தான் நடக்கிறது. ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு பற்றவைப்பையும் கையால் தொட்டுத் துடைக்கிறவருக்குத்தான் நெளிந்த தாங்கியும், தளர்ந்த நட்டும், வண்ணப்பூச்சின் மேல் மயிரிழையாகத் தெரியும் துருக்கோடும் கண்ணில் படும். ஆகவே பழுது பார்க்கிறவரே கழுவ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடத்தின் களிமண் ஈரமாக இருக்கும்போது கழுவினால் தண்ணீரோடு போய்விடும். ஓரிரவு காய்ந்துவிட்டால் மூலைகளில் இறுகி, சுரண்டி எடுக்கவேண்டிய நிலைக்கு வந்துவிடும். புகைபோக்கிக் குழாய்களை ஒட்டிப் படிந்த மண் அந்தச் சூட்டிலேயே வெந்து செங்கல்லாகிவிடும். சக்கரத்தின் உட்புறத்தில் ஒரு பக்கமாகப் படியும் மண் சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்து, ஓட்டுநர் அதை ஷாக் அப்சார்பர் பழுதென்று நினைக்கும் அளவுக்கு அதிர்வு தரும். தளத்தகட்டின் மேலும் எரிபொருள் தொட்டியைச் சுற்றியும் தேங்கும் மண் வண்டியின் எடைப்பகிர்வையே மாற்றிவிடும்.

அழுத்த நீர்க்குழாயைப் பயன்படுத்துவதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கார்பரேட்டர் வாய், புகைபோக்கி முனைகள், எஞ்சின் மூச்சுக்குழாய்கள், எரிபொருள் தொட்டியின் காற்றுத்துளை, பற்றவைப்புப் பெட்டி ஆகியவற்றை மூடிவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். சக்கர பேரிங் சீல், ராட் எண்ட் (தாங்கித் தண்டுகளின் முனையிலுள்ள உருண்டை மூட்டு), ஷாக் அப்சார்பரின் தண்டு சீல், பிரேக் காலிப்பர் ஆகியவற்றுக்கு நேராகவும் அருகிலிருந்தும் பீய்ச்சக் கூடாது. வெளியே இருக்கும் மண்ணை உள்ளே தள்ளும் வேலையைத்தான் அது செய்யும். அவற்றுக்குத் தாழ்ந்த அழுத்தமும் தூரிகையும் போதும். ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவ வேண்டும். மண் வந்த வழியாகவே வெளியேற வேண்டுமே தவிர, தகடுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடக் கூடாது. அந்த மெல்லிய தகடுகள் வளையாதிருக்க அங்கும் குறைந்த அழுத்தமே ஏற்றது.

கழுவி முடித்ததும் காற்றால் ஊதி உலர்த்தி, மின் இணைப்புகளில் நீர் விலக்கும் திரவம் தெளித்து, வண்டியைச் சற்று நகர்த்திப் பிரேக்கை அழுத்தி விடுங்கள். ஈரமான டிஸ்க்கோடு பேட் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் துரு வட்டம் விழும்.

சமன்தராசு எழுதியது:

பட்டறைப்பித்தன் அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அதற்கு அடுத்த படியாகப் பலர் நேரே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள் என்பதையே நான் குறை சொல்வேன். கழுவிய பிறகும் எதையேனும் கழற்றுவதற்கு முன்பும் வண்டியை ஒருமுறை முழுமையாக அளந்துவிட வேண்டும். ஒரு போல்ட்டைத் தளர்த்திய கணத்தில், சென்ற பந்தயம் வண்டிக்கு என்ன செய்தது என்ற தகவல் அழிந்துவிடுகிறது.

அளவு என்பது ஒப்பிடுவதற்காகவே என்பதால், நிலைமைகள் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். மட்டம் பார்த்த அதே தரை, டயர்களில் அதே காற்றழுத்தம், தொட்டியில் அதே அளவு எரிபொருள், இருக்கையில் ஓட்டுநர் அல்லது அவருக்குச் சமமான எடை, எடுத்தவுடன் சில முறை வண்டியை அழுத்தி விட்டு ஸ்பிரிங்குகளைத் தம் நிலைக்கு வரவிடுதல் ஆகியவை அனைத்தும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. பிறகு அடிச்சட்டத்தில் நிலையாகக் குறித்த புள்ளிகளிலிருந்து தரைக்கு உள்ள உயரம், நான்கு சக்கரங்களின் எடை, முன்சக்கரங்களின் டோவும் (மேலிருந்து பார்த்தால் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சாய்ந்திருக்கும் அளவு), அடிச்சட்டத்துக்குப் பின் ஆக்சில் செங்குத்தாக நிற்கிறதா என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சிலின் நிலையைப் பார்க்க வண்டியின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய நூல் ஒன்று போதும்.

குறுக்கு எடை, அதாவது வல முன், இட பின் ஆகிய எதிர்மூலைச் சக்கரங்கள் தாங்கும் பங்கு, எப்படிப் பேசும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இட முன் 270, வல முன் 250, இட பின் 330, வல பின் 250 கிலோ என்றால் மொத்தம் 1,100 கிலோ. வல முன்னையும் இட பின்னையும் கூட்டினால் 580 கிலோ, அதாவது 52.7 விழுக்காடு. இந்த எண் பந்தயத்துக்கு முன் இருந்ததிலிருந்து தெளிவாக விலகியிருந்தால், ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கின் உயரத்தைச் சரிசெய்யும் வளையம் சுழன்றிருக்கிறது, அல்லது ஒரு தாங்கி வளைந்திருக்கிறது, அல்லது அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கிறது. வளையத்தைத் திருப்பி எண்ணைப் பழையபடி கொண்டுவருவது பழுதை ஒளித்துவைப்பதாகும். காரணத்தைக் கண்டுபிடித்த பின்னரே திருகுவதற்குக் கை நீள வேண்டும்.

நான்காம்வளைவு எழுதியது:

முழுமையாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் என்பதால் என் தரப்பையும் பதிவு செய்கிறேன். சாலையில் ஓடும் காருக்கு அதன் ஆயுளில் கிடைக்காத அதிர்ச்சிகள் மண் தட வண்டிக்கு ஓர் இரவில் கிடைக்கின்றன. பள்ளம் விழுந்த வளைவில் வல முன்சக்கரம் திரும்பத் திரும்ப இறங்கி ஏறுகிறது. அடுத்த வண்டியோடு உரசாமல் ஒரு பந்தயமும் முடிவதில்லை. வண்டியில் பொருத்தியிருக்கும் நிலையில் நேராகத் தெரியும் ஒரு தாங்கித் தண்டைக் கழற்றித் தட்டையான பரப்பில் உருட்டிப் பார்த்தால்தான் அதன் வளைவு தெரியவரும். ராட் எண்டின் உள்ளே இருக்கும் தேய்மானமும் சுமை நீங்கிய பிறகே கைக்குப் புலப்படும். போல்ட்டின் தண்டு வெட்டுப்பட்டிருப்பதை வெளியிலிருந்து எந்தக் கண்ணாலும் காண முடியாது. இவற்றையெல்லாம் பார்வையால் முடித்துவிடலாம் என்பது சோம்பலுக்குச் சொல்லும் காரணமாகவே எனக்குப் படுகிறது.

பட்டறைப்பித்தன் எழுதியது:

நான்காம்வளைவு அவர்கள் சொல்லும் பழுதுகள் அனைத்தும் உண்மையானவை. ஆனால் கழற்றுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அவருடைய கணக்கு சேர்க்கவில்லை. சரியான முறுக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பந்தயம் முழுவதும் அசையாமல் நின்ற இணைப்பு, தன்னைத் தானே நிரூபித்துக்கொண்ட இணைப்பு. அதைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது, வாஷர் ஒன்று விடுபடலாம். இடைவெளி வளையம் தவறான பக்கம் போகலாம். திருகுபுரியில் மணல் சேர்ந்து முறுக்கம் பொய்யாகக் காட்டலாம். நைலான் பூட்டு நட்டின் பிடி ஒவ்வொரு கழற்றலிலும் குறைகிறது; கையால் திருகி உள்ளே ஓட்டிவிட முடிகிற நிலைக்கு வந்த நட்டைக் குப்பையில் போட வேண்டும். வேலை முடிந்து களைத்து வந்து இரவில் இருநூறு போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டுகிறவர், அவற்றில் ஒன்றை விரலால் மட்டும் திருகிவிட்டு மறந்துவிடுவதற்கான வாய்ப்பு, அந்த இருநூறில் ஒன்று தானாகத் தளர்வதற்கான வாய்ப்பைவிடக் கூடுதல் என்பதே என் மதிப்பீடு.

ஆகவே நான் பரிந்துரைப்பது அடையாளக் கோடு. முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலிருந்தும் அருகிலுள்ள பரப்பு வரை வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த வாரம் அந்தக் கோடு ஒடிந்திருக்கிறதா என்பதை ஒரு பார்வையில் அறியலாம். கோடு நேராக இருக்கும் நட்டை மீண்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கிப் பார்ப்பதுகூடத் தேவையற்றது. ஒடிந்திருந்தால் முறுக்கி மட்டும் விட்டுவிடாமல், அது ஏன் நகர்ந்தது என்று அந்த இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் துளை நீண்டிருக்கும், அல்லது போல்ட் நீண்டிருக்கும்.

ராட் எண்டுக்கும் கழற்றல் தேவையில்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு கையால் இணைப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை அசைத்தால், உள்ளே ஆட்டம் இருப்பது விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

நான்காம்வளைவு எழுதியது:

அடையாளக் கோட்டை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் மோதல் நடந்த மூலைக்கு அந்த விதி பொருந்தாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். சுவரையோ வேறொரு வண்டியையோ தொட்ட மூலையில், மேல் கை, கீழ்க் கை, ஸ்டியரிங் தண்டு, சக்கரக் கூம்பு (சக்கரம் பூட்டப்படும் ஹப்), ஷாக் அப்சார்பர் ஆகிய அனைத்தும் மேசைக்கு வந்தாக வேண்டும். வளைந்த பகுதி ஒன்று மட்டும்தான் என்று நினைத்து அதை மாற்றிவிட்டு நிறுத்துவது ஆபத்து. விசை அந்தப் பகுதியோடு நின்றிருக்காது, அது பிடித்திருந்த தாங்கியின் பற்றவைப்பு வரை போயிருக்கும்.

ஷாக் அப்சார்பர்களைப் பொறுத்தவரை மோதல் இல்லாவிட்டாலும் வாரந்தோறும் கழற்றுவதையே நான் தொடர்வேன். கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே தண்டைச் சுழற்றினால், வளைந்திருக்கும் தண்டு ஓரிடத்தில் இறுகும். வாயு அழுத்தம் கொண்ட வகையில், அழுத்திவிட்டால் தண்டு தானாக முழு நீளத்துக்கு வெளியே வர வேண்டும்; வராவிட்டால் வாயு போய்விட்டது. தண்டின் மேல் கல் தெறித்து விழுந்த ஒரு சிறு கீறல் போதும், ஒவ்வோர் அசைவிலும் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பட்டறைப்பித்தன் எழுதியது:

ஷாக் அப்சார்பரில் தாங்கள் சொல்வது சரி. ஒரு முனையை மட்டும் விடுவித்தாலும் அந்தச் சோதனையைச் செய்துவிடலாம். ராட் எண்ட் குறித்து இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். டெஃப்லான் உறை கொண்ட ராட் எண்டுகளுக்கு எண்ணெய் விடக் கூடாது. அந்த உறையே அதற்கு வழுக்கு. மேலே விடும் எண்ணெய் புழுதியைப் பிடித்துவைத்து அரைக்கும் பசையாக மாறிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசும் வகைக்கு மட்டும் உலரும் தன்மையுள்ள மசகு சிறிதளவு போதும்.

எண்ணெய்க்கரம் எழுதியது:

எஞ்சினைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். மண் தடத்தில் எஞ்சினைக் கொல்வது வேகம் என்பதைவிடப் புழுதி என்று சொல்வதே பொருந்தும். மணலின் மூலப்பொருளான சிலிக்கா, பிஸ்டன் வளையத்தையும் பேரிங்கையும் தேய்க்கக்கூடிய அளவுக்குக் கடினமானது. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றியோ முறைப்படி கழுவி எண்ணெயிட்டோ பயன்படுத்துவதை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் ஃபில்டர் உட்காரும் அடித்தட்டை மிகச் சிலரே பார்க்கிறார்கள். ஃபில்டரைத் தூக்கியதும் கார்பரேட்டரின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு நிறம் படிந்தால், ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று அதன் வழியாக மட்டும் வரவில்லை என்று பொருள்.

எண்ணெயை ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்ற வேண்டுமா, இரண்டுக்கு ஒருமுறையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. எஞ்சினைக் கட்டியவர் சொன்னதைக் கேளுங்கள். ஆனால் எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்து பார்க்காமல் எறிவதை நான் ஏற்பதில்லை. வெட்டுவதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்த வேண்டும். இரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். மடிப்புத்தாளை விரித்துப் பிழிந்து, வெளிச்சத்தில் பார்த்து, காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டுவது கேம்ஷாஃப்ட், டேப்பட் போன்ற எஃகுப் பகுதிகளிலிருந்து வந்தது. ஒட்டாமல் மின்னுவது பேரிங் பூச்சாகவோ பிஸ்டன் அலுமினியமாகவோ இருக்கலாம். நுண்ணிய பொடி சிறிதளவு இருப்பது இயல்பு. விரல் நுனிக்கு உறைக்கும் செதில் தெரிந்தால் எஞ்சினை மீண்டும் கிளப்பவே கூடாது.

டேப்பட் இடைவெளியை (வால்வு தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி) வாரந்தோறும் அளந்து எழுதி வைப்பதன் பயன், அதைச் சரிசெய்வதைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. ஒரே வால்வில் இடைவெளி திடீரென்று கூடினால், கேம் முகடோ டேப்பட்டோ தேய்கிறது, அல்லது ராக்கரின் பூட்டுத் திருகு தளர்ந்துவிட்டது. குறைந்துகொண்டே வந்தால் வால்வு தன் இருக்கைக்குள் புதைகிறது, அல்லது அதன் தண்டு நீள்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போதும் ஆறிய பின்னும் அளவு மாறும், அலுமினியத் தலை கொண்ட எஞ்சினில் அந்த மாற்றம் இன்னும் கூடுதல் என்பதால், எப்போதும் ஒரே வெப்ப நிலையில் அளக்க வேண்டும். அதே நேரத்தில் வால்வு ஸ்பிரிங்குகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள் ஸ்பிரிங் உடைந்தும் வெளி ஸ்பிரிங்கின் பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்கள் உண்டு.

சக்தி குறைந்ததாக ஓட்டுநர் சொன்னால் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவுச் சோதனை செய்யுங்கள். காற்று கார்பரேட்டர் வழியாகச் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு, புகைபோக்கியில் கேட்டால் வெளியேற்றும் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம், ரேடியேட்டரில் குமிழ் எழுந்தால் ஹெட் கேஸ்கெட். எட்டு சிலிண்டர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

வெண்சுடர் எழுதியது:

கேட்டவர் பெட்ரோல் எஞ்சின் என்று குறிப்பிட்டிருக்கிறார். இருந்தாலும் மெத்தனாலில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு சிறு சேர்க்கை. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தை அரிக்கும். பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்கு மட்டுமே என்பதால், உள்ளே போகும் எரிபொருளின் அளவும் மிக அதிகம். அதில் ஒரு பகுதி எண்ணெயில் கலந்து அதைப் பால்போல் வெளுக்கச் செய்யும். ஆகவே பந்தய இரவிலேயே எரிபொருள் அமைப்பைக் காலி செய்து, மசகு கலந்த திரவத்தை ஓடவிட்டு நிறுத்துங்கள்; எண்ணெய் மாற்றும் இடைவெளியையும் குறுக்கிக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, தோல் வழியாகவும் அது நஞ்சாக உள்ளே போகும் என்பதை உடன் வேலை செய்யும் புதியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

புதுத்தடம் எழுதியது:

இவ்வளவு விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. பின் ஆக்சில், பிரேக் ஆகிய இரண்டைப் பற்றியும் யாரேனும் எழுத முடியுமா? எங்கள் வண்டியின் பின் ஆக்சிலில் இரு முனைகளிலும் சீல் வழியாக எண்ணெய் கசிகிறது. சீல்களை மாற்றிய பின்னும் அடுத்த பந்தயத்திலேயே மீண்டும் கசிந்தது.

நான்காம்வளைவு எழுதியது:

புதிய சீலும் உடனே கசிகிறது என்றால், ஆக்சிலின் மூச்சுத்துளையை முதலில் பாருங்கள். அது மண்ணால் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே எண்ணெய் சூடாகும்போது காற்று விரிவடைகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் அந்த அழுத்தம் சீல் உதட்டைத் தாண்டி எண்ணெயைத் தள்ளிவிடும். துளையைச் சுத்தம் செய்து, குழாய் ஒன்றைப் பொருத்தி மண் தெறிக்காத உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதன் பின்னும் கசிந்தால் ஆக்சில் குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பகுதியைத் தாங்கியில் நிறுத்தி, சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளியையும் பின்விளிம்பு இடைவெளியையும் ஒப்பிட்டால் அது புலப்படும்.

பற்சக்கர எண்ணெயை வடிக்கும் திருகில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமானது. பல்லின் துணுக்கு கிடைத்தால் மூடியைத் திறந்தாக வேண்டும். விகிதப் பற்சக்கரங்களை மாற்றும் ஒவ்வொரு முறையும் பற்களின் முகத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றோடொன்று ஓடிப் பழகிய இணையைப் பிரித்து வேறொன்றோடு சேர்க்காதீர்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டைக் கையால் எல்லாத் திசைகளிலும் அசைக்கும்போது சொரசொரப்பு உணரப்பட்டால், உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் போய்விட்டன. ஷாஃப்ட் அறுந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் பாதுகாப்பு வளையத்தின் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எண்ணெய்க்கரம் எழுதியது:

பிரேக்கை நான் முடித்துவிடுகிறேன். பேட்களின் தடிமனை உள்பக்கம், வெளிப்பக்கம் என்று தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், காலிப்பரின் பிஸ்டன் மண்ணால் இறுகியிருக்கிறது, அல்லது தாங்கி வளைந்திருக்கிறது. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு முன் அதன் வெளித்தெரியும் பகுதியைத் துடைத்துவிடுங்கள். அழுக்கோடு தள்ளினால் சீலைக் கீறிவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதியதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 டிகிரி என்ற வேறுபாட்டைப் பார்த்தாலே, திறந்து வைத்திருந்த பழைய புட்டியிலிருந்து ஏன் ஊற்றக் கூடாது என்பது விளங்கும். பெடல் சற்றே மிருதுவாகத் தெரிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் காற்றெடுத்துவிடுவது நல்லது. சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 திரவத்தை மற்றவற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

சமன்தராசு எழுதியது:

டயர்கள் தனி இழைக்குரியவை என்றாலும், பராமரிப்போடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பூட்டிய ஆக்சிலில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே எண்ணிக்கையில்தான் சுழலும். இடப்புறம் திரும்பும் வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவு போக வேண்டியிருப்பதால், வல பின் டயரின் சுற்றளவு பெரிதாக இருக்க வேண்டும். ஆக்சிலின் நடுப்புள்ளி 60 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, இரண்டு டயர்களின் மையங்களுக்கும் இடையே 1.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிப்பாதை 60.85, உட்பாதை 59.15 மீட்டர் ஆரம் கொண்டவை. இட டயரின் சுற்றளவு 2,200 மில்லிமீட்டர் என்றால் வல டயருக்கு ஏறத்தாழ 2,263 தேவை. வண்டி சறுக்கிக்கொண்டே திரும்புவதால் தடத்தில் இந்த எண் அப்படியே பயன்படாது. எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகவே கணக்கைத் தந்தேன். மண் தடத்தில் பயன்படும் குறுக்கிழை டயர்கள் சூட்டிலும் அழுத்தத்திலும் விரிவடையும் தன்மை கொண்டவை. சென்ற வாரம் பொருத்தமாக இருந்த இணை இந்த வாரம் அப்படி இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே கழுவிய டயர்களை ஒரே அழுத்தத்தில் வைத்து, நாடாவால் ஒவ்வொரு வாரமும் சுற்றளவைப் பாருங்கள். மேற்பரப்பு பளபளத்து இறுகியிருந்தால் தேய்த்துப் புதுப்பிக்கலாம். இரசாயனம் பூசி மென்மையாக்குவதைப் பல பந்தய விதிகள் தடை செய்கின்றன. எந்த வேலைக்கு முன்பும் தங்கள் பிரிவின் விதியைப் படித்துவிடுங்கள்.

வெண்சுடர் எழுதியது:

வண்டியைப் பற்றியே எல்லோரும் பேசிவிட்டோம். உள்ளே உட்காருகிறவருக்கு உரியவை விடுபட்டுவிட்டன. இருக்கைப் பட்டைகளின் நெசவுக்குள் புகும் மண் உள்ளிருந்தே இழைகளை அறுக்கும். வெயிலும் அவற்றை வலுவிழக்கச் செய்யும். மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பூட்டைத் திறந்து மூடி, உள்ளே மணல் சிக்கியிருக்கிறதா என்று காதால் கேளுங்கள். பந்தயப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 16.1 சான்று பெற்ற பட்டைகளுக்கு இரண்டு ஆண்டுகளே காலவரை. அதற்குள் மோதல் ஏதும் நடந்திருந்தால் காலவரையை எண்ணிக்கொண்டிராமல் மாற்றிவிடுவதே முறை. இருக்கையின் போல்ட்டுகள், ஜன்னல் வலையின் கொக்கி, கழற்றும் ஸ்டியரிங் சக்கரம் முழுமையாகப் பூட்டிக்கொள்கிறதா என்பது, தீயணைப்பு உருளையின் அழுத்தமானி ஆகியவையும் இதோடு சேரும். ஆக்சிலரேட்டரை மீட்கும் ஸ்பிரிங்குகள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றது தனியாகவே மூடுகிறதா என்று பார்ப்பதை நான் எந்த வாரமும் தவிர்ப்பதில்லை.

புதுத்தடம் எழுதியது:

இவற்றையெல்லாம் படித்த பின் எனக்கு அமைந்த திட்டம் இது. பந்தய இரவிலேயே ஈரம் காயுமுன் மேலோட்டமாகக் கழுவுவது. மறுநாள் முறையாகக் கழுவி உலர்த்தி, எதையும் தளர்த்தாமல் அளப்பது. அளவு விலகிய மூலையையும் மோதல் நடந்த மூலையையும் மட்டும் முழுமையாகப் பிரிப்பது. மற்ற இடங்களில் அடையாளக் கோட்டை நம்புவது. எஞ்சினுக்கு ஒரு மாலை, ஆக்சிலுக்கும் பிரேக்குக்கும் ஒரு மாலை. கடைசியாக மீண்டும் எடை பார்த்துப் பதிவு செய்வது. இதில் கடைசி மாலைக்குள் சக்கரங்களைப் பூட்டி முடித்துவிட்டால், தடத்துக்குப் போன பிறகு சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்குவது அவசியமா?

பட்டறைப்பித்தன் எழுதியது:

திட்டம் நன்றாக இருக்கிறது. பதிவேட்டில் பந்தயங்களின் எண்ணிக்கையோடு ஓடிய சுற்றுகளையும் எழுதுங்கள். தகுதிச்சுற்றோடு வெளியேறிய இரவும் இறுதிப் பந்தயம் வரை ஓடிய இரவும் வால்வு ஸ்பிரிங்குக்கு ஒன்றல்ல.

சக்கர நட்டுகளுக்கு மட்டும் அடையாளக் கோட்டை நான் போதுமானதாகக் கருதுவதில்லை. சக்கரத்துக்கும் கூம்புக்கும் இடையே ஒட்டியிருக்கும் மெல்லிய மண் படலமோ புதிதாக அடித்த வண்ணமோ முறுக்கும்போது கெட்டியாக நின்று, முதல் சில சுற்றுகளின் சூட்டிலும் அதிர்விலும் நசுங்கிப்போகும். நட்டு சுழன்றிருக்காது, கோடும் ஒடிந்திருக்காது. ஆனால் பிடிப்பு போயிருக்கும். ஆகவே பூட்டுவதற்கு முன் இரண்டு முகங்களையும் உலோகம் தெரியும்வரை துடைத்து, துளைகளைச் சுற்றி விரிசல் உள்ளதா என்று சக்கரத்தைப் பார்த்து, எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். தடத்தில் முதல் பயிற்சி ஓட்டம் முடிந்து வண்டி திரும்பியதும், வேறு எதற்கும் முன் நான்கு சக்கரங்களையும் அதே ரெஞ்சால் இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.